கத்தரிக்கோலால் வெட்டிய சிக்கனம்

1996 ஜனவரியில் அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ் வட்டாரங்களில் ஒரு சோதனையில் இறங்கியது. டைட் சலவைத்தூள், க்ரெஸ்ட் பற்பசை, பேம்பர்ஸ் எல்லாம் அந்த நிறுவனத்தின் சரக்குதான். இனி இந்த ஊர்களில் எந்தப் பொருளுக்கும் தள்ளுபடிக் கூப்பன் கிடையாது என்று அறிவித்தது. கூப்பனுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்து, எல்லோருக்கும் விலையைக் குறைத்துவிடுவதாகச் சொன்னது. காரணமும் நியாயமாகத்தான் தெரிந்தது. நாளிதழுக்குள் வைத்துக் கொடுக்கும் நூறு கூப்பனில் இரண்டு கடைக்குத் திரும்பி வந்தாலே அதிகம். மற்றதெல்லாம் குப்பைக்குப் போகிறது. அதை அச்சடித்த செலவும், வீடு வீடாகச் சேர்த்த செலவும் கடைசியில் சோப்பு விலையில்தானே ஏறும்?

மக்கள் கொதித்துப்போனார்கள். கையெழுத்து இயக்கம் நடந்தது, அந்த நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணிக்கச் சொல்லி ஆட்கள் கிளம்பினார்கள். மற்றத் தயாரிப்பாளர்களும் அதே வட்டாரத்தில் கூப்பனைக் குறைத்ததால், இவர்கள் எல்லாம் கூடிப் பேசிக்கொண்டு செய்கிறார்களா என்று மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணையைத் தொடங்கினார். 1997 ஏப்ரலில் சோதனை கைவிடப்பட்டது. அதே ஆண்டு, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே, நிறுவனங்கள் 42 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. அந்தத் தொகையும் மக்களுக்குக் கூப்பனாகவே போய்ச் சேர்ந்தது.

எல்லோருக்கும் விலை குறையும் என்று சொன்னவுடன் இவ்வளவு பேருக்குக் கோபம் வந்தது ஏன்? கூப்பன் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் இதுதான் நுழைவாயில். பஃபலோக்காரர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வெட்டி, அடுக்கி, தேதி பார்த்து, நினைவாகக் கடைக்கு எடுத்துப் போய்ச் சேர்த்த மிச்சம் அவர்களுடைய உழைப்பில் வந்தது. அதை எடுத்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால், வெட்டியவருக்கு நஷ்டம், வெட்டாதவருக்கு லாபம். கூப்பன் என்பது விலைக் குறைப்பு என்று எல்லோரும் சொல்கிறோம். கூர்ந்து பார்த்தால் அது நிறுவனம் வாங்குபவருக்குக் கொடுக்கும் கூலி. நேரமும் கைக்காசும் வீட்டில் அலமாரியும் இருப்பவருக்கு அந்தக் கூலி கிடைக்கிறது. அதிகம் தேவைப்படுகிறவருக்குப் பல நேரம் கிடைப்பதில்லை.

இந்த ஏற்பாடு தொடங்கியபோது சிக்கனம் என்ற பேச்சே இல்லை. 1880களின் இறுதியில் அட்லாண்டாவில் கோகா கோலாவை வாங்கி நடத்திய ஆசா கேண்ட்லர், ஒரு கிளாஸ் பானம் இலவசம் என்று எழுதிய சீட்டுகளை ஊரெல்லாம் விநியோகித்தார். ஒரு கிளாஸ் விலை 5 சென்ட். 1894 முதல் 1913 வரை சுமார் 85 லட்சம் கிளாஸ் இப்படி இலவசமாகப் போனது என்றும், அமெரிக்கர்களில் ஒன்பதில் ஒருவர் ஓசியில் குடித்துப் பார்த்தார் என்றும் அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. புதுச் சரக்கை நாக்கில் வைக்கும் தந்திரம் அது. சி. டபிள்யூ. போஸ்ட் தன் கிரேப் நட்ஸ் தானிய உணவுக்கு ஒரு சென்ட் தள்ளுபடி கொடுத்ததோடு கூப்பன் மளிகைக்குள் நுழைந்தது. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அந்த ஒரு சென்ட்டுக்கு உண்மையான மதிப்பு வந்தது. வேலை போன வீடுகளில் கூப்பன் வெட்டுவது சமையலோடு சேர்ந்த வேலையாகிவிட்டது. போர் முடிந்து பேரங்காடிகள் பெருகின. 1957இல் நீல்சன் நிறுவனம் கூப்பன்களைத் தரம் பிரித்துப் பணம் பட்டுவாடா செய்யவே தனி நிலையம் திறந்தது. 1970களில் ஜார்ஜ் வலாசிஸ், வண்ண வண்ணமாகக் கூப்பன் மட்டுமே அச்சிட்ட தாள்களை ஞாயிறு நாளிதழுக்குள் செருகும் முறையைப் பரப்பினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை நாளிதழைச் செய்திக்காக வாங்குபவர்களோடு கூப்பனுக்காக இரண்டு மூன்று பிரதி வாங்குபவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

1992இல் உச்சம். அந்த ஓர் ஆண்டில் அமெரிக்கர்கள் ஏறக்குறைய 790 கோடி கூப்பன்களைக் கடைகளில் கொடுத்துக் கழித்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறக்கம்தான். 2009இல், வீட்டுக்கடன் நெருக்கடி நாட்டை உலுக்கிய நேரத்தில், அந்த எண்ணிக்கை மறுபடி ஏறியது. 2010ஆம் ஆண்டுக் கணக்கு யோசிக்க வைக்கும். வெளியிடப்பட்டவை சுமார் 33,200 கோடி கூப்பன்கள். பயன்பட்டவை 330 கோடி, அதாவது நூற்றுக்கு ஒன்று. மக்களுக்கு மிச்சமானது 370 கோடி டாலர். கேட்க மலைப்பாக இருக்கும் இந்தத் தொகையை அன்றைய அமெரிக்க மக்கள்தொகையால் வகுத்தால், தலைக்கு ஆண்டுக்கு 12 டாலர் வருகிறது. மாதம் ஒரு டாலர். இந்தச் சராசரி, ஒன்றுமே வெட்டாத பெரும்பான்மையையும் மாதம் நூறு டாலர் பிடிக்கும் சிறுபான்மையையும் ஒன்றாகக் கலந்து காட்டுகிறது என்பது உண்மைதான். ஆனாலும், கூப்பன் ஒரு நாட்டின் குடும்பச் செலவையே மாற்றுகிறது என்ற பேச்சுக்கு இந்த எண் இடம் தரவில்லை.

கல்லாவில் நீட்டப்பட்ட ஒரு கூப்பன் போகும் வழியைத் தொடர்ந்து பார்த்தால், இவ்வளவு சின்னத் தொகைக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் ஓடுகிறது என்பது தெரியும். காசாளர் அதைப் பணப்பெட்டிக்குள் போடுகிறார். கடையின் தலைமை அலுவலகத்துக்கு மூட்டையாகப் போகிறது. அங்கிருந்து தரம் பிரிக்கும் நிலையத்துக்கு. அந்த வேலையில் பெரும்பகுதி கூலி குறைவான மெக்சிகோ எல்லை ஊர்களில் நடந்தது. தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து, கசங்கிய கூப்பன்களைக் கையால் நீவி, பட்டைக்கோட்டை ஸ்கேன் செய்து, நிறுவனவாரியாகப் பிரிப்பார்கள். பிறகு தயாரிப்பாளருக்குப் பில் போகும். அவர் கூப்பனின் மதிப்போடு, கடைக்காரரின் சிரமத்துக்காக ஒவ்வொரு கூப்பனுக்கும் 8 சென்ட் சேர்த்துக் கொடுப்பார். 50 சென்ட் தள்ளுபடி ஒரு வீட்டுக்குப் போய்ச்சேர, அச்சகம், நாளிதழ், லாரி, தரம் பிரிக்கும் கை, கணக்கர் எல்லோருக்கும் ஆன செலவு தனி. பல கூப்பன்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ரொக்க மதிப்பு ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு’ என்று இருக்கும். வணிக முத்திரைகளைப் பணமாக மாற்றித் தர வேண்டும் என்று சில மாநிலங்கள் ஒருகாலத்தில் போட்ட சட்டத்தின் மிச்சம் அது.

அந்த முத்திரைகள் கூப்பனின் மூத்த உறவு. 1896இல் தொடங்கிய ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனத்தின் பச்சை முத்திரைகளை, வாங்கிய பொருளின் மதிப்புக்கேற்பக் கடைக்காரர் கொடுப்பார். வீட்டில் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் விளக்கோ பாத்திரமோ வாங்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் 1958இல் கிரீன் ஷீல்டு முத்திரை வந்தது. 1963இல் அதில் சேர்ந்த டெஸ்கோ பேரங்காடி, 1977இல் அதை உதறிவிட்டு அந்தச் செலவை விலைக் குறைப்பில் போட்டு வளர்ந்தது. பஃபலோவில் தோற்ற அதே யோசனை இங்கே வென்றது. அதே டெஸ்கோ 1995இல் கிளப்கார்டு அட்டையைக் கொண்டுவந்தது. ஒட்டும் வேலை போய்விட்டது. பதிலாக, எந்த வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்ற முழு விவரமும் கடைக்குப் போய்விட்டது. ஜெர்மனி இதற்கெல்லாம் இடமே கொடுக்கவில்லை. 1933இல் போட்ட தள்ளுபடிச் சட்டப்படி, ஒரு கடை வாடிக்கையாளருக்கு 3 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் கொடுக்க முடியாது. அந்தச் சட்டம் 2001 வரை நடப்பில் இருந்தது.

திரும்பி வருவது நூற்றுக்கு ஒன்று என்று தெரிந்தும் நிறுவனங்கள் ஏன் விடாமல் அச்சிடுகின்றன? 1984இல் ‘மார்க்கெட்டிங் சயின்ஸ்’ ஆய்விதழில் சக்கரவர்த்தி நரசிம்மன் எழுதிய கட்டுரை இதற்குத் தெளிவான விடை தந்தது. விலை கொஞ்சம் ஏறினாலும் வேறு பிராண்டுக்குத் தாவும் வீடுகள் உண்டு, என்ன விலையானாலும் வழக்கமானதையே எடுக்கும் வீடுகளும் உண்டு. இரு தரப்புக்கும் ஒரே அலமாரியில் இரண்டு விலை போட முடியாது. கூப்பன் அந்தப் பிரிவினையைத் தானாகச் செய்துவிடுகிறது. சிரமம் எடுத்து வெட்டி வருகிறவர் விலை பார்க்கிறவர், அவருக்குக் குறைந்த விலை. சும்மா வருகிறவருக்கு முழு விலை. அப்படியானால் நூற்றில் தொண்ணூற்றொன்பது கூப்பன் குப்பைக்குப் போவதில் நிறுவனத்துக்குப் பெரிய வருத்தம் இருக்க முடியாது. எல்லோரும் வெட்டிக்கொண்டு வந்தால் இந்தச் சல்லடை கிழிந்துவிடும்.

சிரமம் என்றால் எவ்வளவு? 2010 டிசம்பரில் டிஎல்சி தொலைக்காட்சியில் ஒரு சிறப்பு நிகழ்ச்சியாக வந்து, 2011இல் தொடரான ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’ அதன் எல்லையைக் காட்டியது. அதில் வரும் பெண்களின் கையில் ஒரு பருமனான ஃபைல் இருக்கும். பேஸ்பால் அட்டை சேகரிக்கும் சிறுவர்கள் பயன்படுத்துகிற, கட்டம் கட்டமாகப் பை தைத்த பிளாஸ்டிக் தாள்கள் உள்ளே. ஒரு பையில் ஒரு கூப்பன், தேதி வெளியே தெரியும்படி. பற்பசை ஒரு பிரிவு, சலவைத்தூள் ஒரு பிரிவு, உறைபனி உணவு ஒரு பிரிவு. தயாரிப்பாளர் கூப்பனையும் கடையின் சொந்தக் கூப்பனையும் ஒரே பொருளின் மேல் சேர்த்துப் போடுவது, அதுவும் அந்தப் பொருள் தள்ளுபடிக்கு வரும் வாரத்துக்குக் காத்திருந்து போடுவது, கூப்பன் மதிப்பை இரட்டிப்பாக்கும் கடையாகத் தேடிப் போவது என்று வித்தை வித்தையாகச் செய்வார்கள். ஆயிரம் டாலர் பில் கண்ணெதிரே சில டாலராகச் சுருங்கும். வீட்டுக்கு வந்தால் கார் ஷெட் முழுக்க ரேக். நூறு குப்பி கடுகுச் சாந்து, இருநூறு பற்பசை. அந்தத் திறமையையும் ஒழுங்கையும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் இருநூறு பற்பசையை ஒரு குடும்பம் எத்தனை ஆண்டு தேய்க்கும்? அதைச் சேர்க்கப் போன நேரத்தை ஒரு மணிக்கு இவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் கூலி எவ்வளவு மிஞ்சும்?

அந்த நிகழ்ச்சியில் காட்டப்பட்ட சில பில்கள் கேள்விக்குள்ளாயின. பழைய கூப்பன் பட்டைக்கோட்டில் ஒரு பலவீனம் இருந்தது. ஒரு நிறுவனத்தின் பொருள் வகைக்கு ஒரே எண்ணைப் பொதுவாகக் கொடுத்திருந்தார்கள். அதனால் பெரிய பொருளுக்கான கூப்பனை அதே நிறுவனத்தின் சின்னப் பொருளுக்குக் காட்டினாலும் கல்லா இயந்திரம் சில நேரம் ஏற்றுக்கொள்ளும். 2011இல் புதிய பட்டைக்கோட்டுக்கு மாறிய பிறகு அந்த வழி அடைபட்டது. கள்ளக் கூப்பன் அதற்குப் பிறகும் ஓயவில்லை. வர்ஜீனியாவில் ஒரு பெண் வீட்டுக் கணினியிலேயே அச்சு அசலாகக் கூப்பன்கள் வடிவமைத்து, இணையக் குழுக்கள் வழியாக நாடெங்கும் விற்றார். கடைகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் 3.1 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2021இல் அவருக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நேர்மையாக வெட்டுகிறவருக்கும் ஒரு பெரிய சிக்கல் உண்டு. கூப்பன் எந்தப் பொருளுக்கு வருகிறது என்பதை வீடு தீர்மானிப்பதில்லை. ஆறு தேசியப் பேரங்காடிகள் இணையத்தில் வைத்த 1,056 கூப்பன்களைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். கால்வாசி நொறுக்குத் தீனி, மிட்டாய், இனிப்பு வகை. தயார் உணவு 14 சதவீதம், பானங்கள் 12 சதவீதம். காய்கறிக்கு 3 சதவீதம்தான், பழத்துக்கு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. இதில் வியப்பில்லை. கூப்பன் போடப் பிராண்டு வேண்டும், பிராண்டில் நல்ல லாப விளிம்பு வேண்டும். கத்தரிக்காய்க்கும் முருங்கைக்கீரைக்கும் முதலாளி யார்? அதனால் கூப்பன் பார்த்துச் சமையல் திட்டமிடும் வீட்டில் பில் குறையலாம். தட்டில் சேர்வது வேறு ஒருவர் விற்க நினைத்த உணவு. அதே அலமாரியில் கடையின் சொந்த பிராண்டு, கூப்பன் கழித்த பிறகான விலையைவிடக் குறைவாகப் பல நேரம் கிடக்கும் என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

வசதி இல்லாதவர்களுக்கு இந்தக் கூலி ஏன் எட்டாமல் போகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யெஷிம் ஓருன், மைக் பலாட்சோலோ இருவரும் கழிப்பறைக் காகிதத்தை வைத்து நிரூபித்தார்கள். கெட்டுப்போகாத பொருள், எல்லா வீட்டுக்கும் தேவை, பெரிய கட்டாக வாங்கினால் மலிவு, அடிக்கடி தள்ளுபடிக்கு வரும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஏழு ஆண்டுக் கொள்முதலைப் பார்த்ததில், குறைந்த வருமானக் குடும்பங்கள் ஒரு தாளுக்கு ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருந்தன. பெரிய கட்டு வாங்க அன்றைக்குக் கையில் காசில்லை. பெரிய கட்டு இல்லாததால் அடுத்த தள்ளுபடி வரை இருப்புத் தாங்காது; தீர்ந்தவுடன் என்ன விலையோ அதற்கு வாங்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் கைக்குப் பணம் வரும் வாரத்தில் மட்டும் அதே குடும்பங்கள் வசதியானவர்களைப் போலவே கணக்காக வாங்கின. ஏழைக்குச் சிக்கனம் தெரியவில்லை என்ற வசைக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது அரிது.

அப்படியானால் கூப்பனை ஒழித்துவிட்டு ஒரே விலை வைப்பதுதான் நியாயம் என்று தோன்றும். ஜே.சி. பென்னி துணிக்கடைச் சங்கிலி 2012 பிப்ரவரியில் அதைத்தான் செய்தது. ஆப்பிள் கடைகளை நிறுவிப் பேர் வாங்கிய ரான் ஜான்சன் தலைமைப் பொறுப்புக்கு வந்து, கூப்பன், திடீர்த் தள்ளுபடி எல்லாவற்றையும் நிறுத்தி, நேர்மையான விலை என்று பலகை வைத்தார். ஓர் ஆண்டில் விற்பனை 1,730 கோடி டாலரிலிருந்து 1,300 கோடிக்கு விழுந்தது. நஷ்டம் 98.5 கோடி டாலர். 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேற்றப்பட்டார், கூப்பன் திரும்பி வந்தது. நாற்பது டாலர் என்று அடித்து இருபதுக்குக் கொடுக்கும் சட்டையும், முதலிலேயே இருபது என்று எழுதிய சட்டையும் வாடிக்கையாளருக்கு ஒன்றாகத் தெரியவில்லை. ஆடி மாதத்தில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் நடந்து பார்த்த யாருக்கும் இது புரியும். ஆனால் இந்தத் தோல்வியை வைத்து மக்களுக்கு ஒரே விலை பிடிக்காது என்று முடிவு கட்டுவது அவசரம். ஆல்டி, டிரேடர் ஜோஸ் பேரங்காடிகள் இரண்டும் கூப்பனை நம்பாமலேயே அமெரிக்காவில் நன்றாக ஓடுகின்றன. இந்தியாவில் டிமார்ட் தினமும் குறைந்த விலை என்ற வழியிலேயே வளர்ந்தது. கூப்பனுக்குப் பழக்கிய வாடிக்கையாளரிடமிருந்து அதைப் பிடுங்குவது ஒன்று, முதல் நாளிலிருந்தே ஒரே விலை என்று கடை திறப்பது வேறொன்று.

தமிழ்நாட்டு மளிகைக் கடையில் அமெரிக்க மாதிரிக் கூப்பன் வேரூன்றவில்லை. பாக்கெட் மேலேயே அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறது. அதற்குள் குறைப்பதும் கூட்டுவதும் அண்ணாச்சிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பேச்சு. கணக்கு நோட்டில் எழுதி மாதக் கடைசியில் கொடுக்கும் வசதியே பல வீடுகளுக்குப் பெரிய தள்ளுபடியாக இருந்தது. ஆனால் உலகத்தில் எங்கும் பேசத்தக்க ஒரு கூப்பன் திட்டம் இங்கே பிறந்தது. 1983இல் கடலூரில் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பு பாக்கெட் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், எந்த பிராண்டின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். போட்டியாளரின் குப்பையே இவருடைய கூப்பனாகிவிட்டது. மக்கள் சிக் பழகிய பிறகு, ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தத் திட்டத்தை மறுபடி பார்த்தால் அதன் பண்பு தெரியும். நாளிதழ் வாங்கத் தேவையில்லை, எழுத்து படிக்கத் தெரிய வேண்டியதில்லை, மொத்தமாகக் காசு போட வேண்டாம், அலமாரி வேண்டாம், காலாவதித் தேதியைத் துரத்த வேண்டாம். கிணற்றடியில் கிழித்துப் போட்ட பாக்கெட்டைப் பொறுக்கி வைத்தால் போதும். நிறுவனத்தின் நோக்கம் வியாபாரம்தான். இருந்தாலும் அது அன்றாடம் சில்லறை கொடுத்து வாங்குகிறவரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. பிராண்டே இல்லாத காய்கறிக்கு இதற்கு இணையான ஏற்பாடு 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது வந்தது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்க, அன்றைய விலை பலகையில் எழுதப்பட, யாரும் எதையும் வெட்டாமல் மிச்சம் பிடித்தார்கள்.

இன்றைய நகரத்து வீட்டில் கூப்பன் கைபேசிக்குள் வந்துவிட்டது. குறியீட்டைத் தட்டினால் போதும், கத்தரிக்கோல் வேண்டாம். சிரமம் குறைந்த இடத்தில் நிபந்தனை ஏறி உட்கார்ந்தது. ஒரு மளிகைச் செயலியில் நடக்கும் கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். வீட்டுக்குத் தேவையான துவரம்பருப்பு, எண்ணெய், பால், கொத்தமல்லி எல்லாம் சேர்த்து 510 ரூபாய் ஆகிறது. திரையின் மேல் ஒரு பட்டை: 599 ரூபாய்க்கு வாங்கினால் 75 ரூபாய் தள்ளுபடி, இன்னும் 89 ரூபாய்தான் பாக்கி. 95 ரூபாய்க்கு இரண்டு சிப்ஸ் பாக்கெட்டைச் சேர்த்தால் 605. தள்ளுபடி போக 530. பில்லின் அடியில் பச்சை எழுத்தில் 75 ரூபாய் மிச்சம் என்று வருகிறது. வங்கிக் கணக்கில் கழிந்ததோ 20 ரூபாய் கூடுதல். சிப்ஸ் 20 ரூபாய்க்குக் கிடைத்தது என்று சொல்லலாம், அது பட்டியலில் இருந்திருந்தால்.

இது தற்செயலாக அமைந்த பட்டை என்று நினைக்க முடியாது. கடைக்குள் எதிர்பாராமல் கூப்பன் கிடைத்தவர்கள், திட்டமிடாத பொருள்களையும் கூடுதலாக வாங்கினார்கள் என்று 2002இலேயே ஆய்வு வந்துவிட்டது. 2006இல் ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் இருவரும் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 அட்டைகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை நிரப்ப வேண்டிய வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்து முத்திரை அட்டை, அதில் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்டது. இரு தரப்பும் கழுவ வேண்டியது எட்டு முறைதான். வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டு முத்திரை பெற்றவர்களில் 34 சதவீதம். கொஞ்ச தூரம் வந்தாயிற்று என்று காட்டினால் மீதியைக் கடப்பவர்கள் கூடுகிறார்கள். இன்னும் 89 ரூபாய்தான் என்ற வாசகம் அந்த அறிவிலிருந்து வருகிறது.

கூப்பனைத் தேடித் தருவதாகச் சொல்லும் சேவைகளும் பெரிய வியாபாரமாகிவிட்டன. பேபால் நிறுவனம் ஹனி என்ற உலாவி நீட்சியை ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு வாங்கி 2020இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. வாடிக்கையாளரை வேறொருவர் பரிந்துரைத்துக் கூட்டிவந்த விற்பனையின் கமிஷனையும் கடைசி நொடியில் அது தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது என்று 2024 டிசம்பரில் குற்றச்சாட்டு கிளம்பி, வழக்குகள் தொடரப்பட்டன. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்து வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டே நிமிடம்தான் பாக்கி என்று பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பது, கடைசித் திரை வரை கட்டணத்தை மறைத்து வைத்துக் கூட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குறைந்தபட்ச ஆர்டர் பட்டை அதில் நேரடியாக அகப்படாது. அதை வீடுதான் கவனிக்க வேண்டும்.

செயலிக் கூப்பனால் இன்னொரு வாசலும் அடைபட்டது. அமெரிக்கப் பேரங்காடிகளில் அலமாரியில் குறைந்த விலை ஒட்டியிருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் டிஜிட்டல் கூப்பன் வைத்திருந்தால் மட்டும் என்று இருக்கும். கைபேசி பழகாத முதியவர் கல்லாவுக்கு வந்த பிறகுதான் முழு விலையைப் பார்ப்பார். அரை நூற்றாண்டு ஒழுங்காகக் காகிதம் வெட்டிய தலைமுறைதான் இப்படி வெளியே நிறுத்தப்பட்டது. கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரசபை 2025இல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. டிஜிட்டல் தள்ளுபடி கொடுக்கும் மளிகைக் கடைகள் அதே தள்ளுபடியைக் காகிதத்திலும் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் அரசு வேறு வழியில் போனது. சிங்கப்பூர்க் குடும்பங்களுக்குச் சிடிசி பற்றுச்சீட்டு என்று வழங்கியது, 2025 ஜனவரியில் 300 சிங்கப்பூர் டாலரும் மே மாதத்தில் 500 டாலரும். பாதியைப் பேரங்காடியில் செலவிடலாம், பாதியை அக்கம்பக்கச் சிறு கடையிலும் உணவங்காடியிலும் மட்டுமே செலவிட முடியும். கைபேசி இணைப்பாக வந்தாலும், முடியாதவர்கள் அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பிராண்டும் அதற்குள் இல்லை, ஆகவே கத்தரிக்காயும் வாங்கலாம்.

வீட்டுச் செலவில் கூப்பன் உண்மையாகவே உதவும் இடங்களும் உண்டு, அவற்றை மறுப்பது சரியல்ல. குழந்தைக்கான டயபர், சலவைத்தூள், ஷாம்பு, குளியல் சோப்பு போன்றவை கெட்டுப்போகாது, தவறாமல் தேவைப்படும், விலையும் கூடுதல். பட்டியலை முதலில் எழுதி, கூப்பனை அதற்குப் பிறகு தேடும் வீட்டுக்கு மாதம் சில நூறு ரூபாய் நிச்சயம் மிஞ்சும். வரிசை மாறினால் பட்டியலை எழுதுவது நிறுவனம். கூப்பன் கழித்த விலையை வேறு பிராண்டின் முழு விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் முக்கியம். ஒரு கிலோ சலவைத்தூள் 140 ரூபாய், கூப்பனுக்கு 20 கழித்தால் 120. பக்கத்தில் இன்னொன்று 98க்கு இருந்தால், அந்தக் கூப்பன் 22 ரூபாய் செலவு.

இந்த ஒப்பீட்டுக்கு இந்தியச் சட்டம் ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. பொட்டலப் பொருள்களின் மேல், ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு, ஒரு மில்லிக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற விதி இப்போது நடைமுறையில் இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பினால் அதிகபட்ச விலைக்குக் கீழே அது இருக்கும், பெரும்பாலும் மடிப்புக்குள், கண்ணாடி போட்டாலும் சிரமப்படும் எழுத்தில். ஆஸ்திரேலியாவில் 2009 முதல் பெரிய மளிகைக் கடைகள் அலமாரி விலைச்சீட்டிலும் இணையப் பக்கத்திலும் அலகு விலையைத் தெளிவாகக் காட்டியாக வேண்டும். அதே கட்டாயத்தை இங்கே பேரங்காடி அலமாரிக்கும் செயலித் திரைக்கும் கொண்டுவந்தால், படிப்பு குறைந்தவரும் நேரமில்லாதவரும் நின்ற இடத்திலேயே இரண்டு எண்ணை ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். நுகர்வோர் அமைப்புகள் கூப்பன் மோசடிகளைப் பற்றிக் கொடுக்கும் புகார்களோடு, இந்த எழுத்தின் அளவையும் இடத்தையும் பற்றி விடாமல் கேட்பது நல்லது. ஒரு முறை விதி வந்துவிட்டால், அந்தப் பயன் குடும்ப அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் எந்தக் குறியீடும் தட்டாமலே கிடைக்கும்.